பழைய பிக்கப்புக்கான பிரேக் கிட்: ரப்பரும் தவறு, மரையும் தவறு

அனுப்புநர்:
பழைய மகிந்திரா பிக்கப் வண்டிகளைச் சீர்செய்து பராமரிக்கும் நண்பர்கள்,
பொள்ளாச்சி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வாகன உதிரிபாக விற்பனை நிறுவனம்.

பொருள்: ஜீப் வகைப் பிக்கப்புக்கான பிரேக் கிட்டில் உள்ள ஆபத்தான குறைகள், விற்பனையை உடனே நிறுத்தவும், விற்ற பெட்டிகளைத் திரும்பப் பெறவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் ஜீப் வகைப் பிக்கப்புக்கான முழு பிரேக் கிட் என்று விற்கப்படும் பெட்டி மூன்று வாங்கினோம். மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியைத் திரவ அழுத்தமாக்குவது) ஒன்று, வீல் சிலிண்டர் (அந்த அழுத்தத்தால் சக்கரத்தில் ஷூவைத் தள்ளுவது) நான்கு, லைனிங் அடித்த ஷூ (டிரம்மை உரசி நிறுத்தும் வளைந்த கட்டை) எட்டு, 3/16 அங்குல இரும்பு பைப் செட், ரப்பர் ஹோஸ் மூன்று, ஒரு கிரீஸ் பாக்கெட், ஒரு செய்முறைத் தாள் என்பது ஒரு பெட்டியின் சரக்கு. இரண்டு பெட்டிகள் வண்டிகளில் பொருத்தப்பட்டன. மூன்றாவதைச் சோதனைக்காகவே பிரித்தோம்.

பொருத்திய இரண்டு வண்டியிலும் ஒரு வாரத்துக்குள் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டது. அதில் ஒன்றில், நின்ற இடத்தில் பெடலை அழுத்திப் பார்த்தபோது பின் சக்கரத்து பைப் நட்டு மரையோடு வழுக்கி, ஆயில் முழுதும் வெளியே வந்துவிட்டது. இரண்டுமே சமதளத்தில் நடந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. இதைத் தெரிவித்தபோது, ஷூ அட்ஜஸ்ட்மென்ட் கோளாறு, தரமற்ற திரவம், பொருத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று உங்கள் சேவைப் பிரிவு பதில் தந்தது. இதே வண்டிகள்தான் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குகின்றன.

இந்த வண்டிகளின் பிரேக் அமைப்பைச் சொன்னால்தான் குறையின் கனம் புரியும். நான்கு சக்கரமும் டிரம். மிதியின் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. எங்கே ஒரு பைப் விட்டாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். அது டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் கியர்ப் பெட்டி) பின்பக்க ஷாஃப்டில் உள்ள சின்ன டிரம்மைப் பிடிப்பது, நிறுத்திய வண்டி உருளாமல் இருக்க வைத்தது. பாரத்தோடு இறங்கும் வண்டியை அது தாங்காது. இரட்டைச் சுற்று உள்ள புது வண்டியில் வழிச் செலவோடு முடிகிற ஒரு தவறு இங்கே உயிரைக் கொண்டுபோகும்.

முதல் குறை, ரப்பர் கப்: சிலிண்டருக்குள் பிஸ்டனோடு நகர்ந்து, திரவம் கசியாமல் அடைக்கும் கிண்ண வடிவ ரப்பர்.

நம் ஊரில் பிரேக் ஆயில் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஆயிலே அல்ல. அதன் தர வகைகளான டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகைத் திரவம். அதில் கெடாமல் நிற்கக்கூடியவை எஸ்.பி.ஆர்., ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வகைகள். எஞ்சின் ஆயிலையும் டீசலையும் தாங்கும் நைட்ரைல் ரப்பர் இங்கே உதவாது, கிளைக்காலில் ஊறி உப்பிவிடும். உப்புசம் கண்ணுக்குத் தெரிய சில நாள் ஆகும் என்பதால், பொருத்திய அன்று பெடல் கச்சிதமாக இருக்கும். ஏமாறுவது அங்கேதான்.

வண்டியில் பொருத்தாத மூன்றாவது பெட்டியிலிருந்து 1 அங்குல வீல் சிலிண்டரின் கப் இரண்டை எடுத்தோம். எங்களிடம் ஏற்கெனவே இருந்த, நம்பகமான வேறு தயாரிப்பின் அதே அளவு கப் இரண்டையும் சேர்த்துக்கொண்டோம். மூடி போட்ட நான்கு கண்ணாடிக் குப்பிகள்: இரண்டில் புதிதாக உடைத்த டாட் 4, இரண்டில் எஞ்சின் ஆயில். ஒவ்வொன்றிலும் ஒரு கப். மூன்று நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் 70 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்து, மற்ற நேரம் ஆற விட்டோம். கப்பின் உதடு தொடக்கத்தில் நான்கிலும் 26.6 மி.மீ. சிலிண்டர் துளை 25.4 என்பதால் உதடு இப்படிச் சற்றுப் பெரிதாக இருப்பதே முறை. மூன்றாம் நாள் வெர்னியரில் கண்டது: டாட் 4-இல் உங்கள் கப் 28.9, மற்றது 26.8. எஞ்சின் ஆயிலில் உங்கள் கப் 26.7, மற்றது 30 மி.மீ.யைத் தாண்டி, விரலில் அழுத்தினால் பிசினாக நெளிந்தது.

அதாவது, ஆயிலில் உப்ப வேண்டிய ரப்பர் பிரேக் திரவத்தில் உப்புகிறது. பிரேக் திரவத்தில் நிற்க வேண்டியது ஆயிலில் நிற்கிறது. கப் நைட்ரைல் வகை ரப்பர் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எங்களுக்குத் தெரியவில்லை. அச்சும் அளவும் சரியாக இருக்க, வார்த்த ரப்பர்க் கலவை மட்டும் மாறிப்போயிருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் இரண்டு கப் எடுத்து நீங்களே செய்திருந்தால் பெட்டி கிடங்கை விட்டே வெளியேறியிருக்காது.

உப்பிய கப் என்ன செய்கிறது என்பதையும் எழுதிவிடுகிறோம், ஏனென்றால் உங்கள் சேவைப் பிரிவு இதை ஷூ அட்ஜஸ்ட்மென்ட் கோளாறு என்று சொல்லியிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் தொட்டியிலிருந்து இறங்கும் துளை இரண்டு: ஒன்று பெரியது, மற்றது ஊசி முனை அளவே உள்ள சின்னத் துளை. பெடலை விட்டதும் முதன்மைக் கப் பின்னுக்கு வந்து அந்தச் சின்னத் துளையைத் திறந்துவிட வேண்டும். சூட்டில் விரிந்த திரவம் தொட்டிக்குத் திரும்புவது அந்த வழியாகத்தான். கப் உப்பினால் அதன் உதடு ஓய்வு நிலையிலேயே துளையை மூடி நிற்கும். ஷூ டிரம்மை லேசாக உரசும், சூடு ஏறும், திரவம் விரியும், போக வழியில்லாமல் அழுத்தம் கூடும், ஷூ இன்னும் இறுகும். சில கிலோமீட்டரில் டிரம் தொட முடியாதபடி கொதிக்கும். வீல் சிலிண்டரிலும் உப்பிய கப் துளைக்குள் இறுகிக்கொள்வதால், ஷூ ஸ்பிரிங் இழுத்தாலும் பிஸ்டன் உள்ளே வராது. மலை இறக்கத்தில் இது இன்னொரு பக்கமும் திரும்பும். புது டாட் 3 கொதிப்பது 205 டிகிரியில், டாட் 4 230 டிகிரியில். ஈரம் இழுத்த பிறகு அவை 140, 155 டிகிரிக்கு இறங்கிவிடும். திரவம் கொதித்து ஆவிக் குமிழி வந்தால் பெடல் பலகையைத் தொடும், வண்டி நிற்காது. பிடித்துக்கொண்ட பிரேக்கே பிரேக் இல்லாத நிலைக்குக் கொண்டுபோகிறது.

அட்ஜஸ்ட்மென்ட் கோளாறு அல்ல என்பதை எப்படி உறுதிசெய்தோம்? பிடித்துக்கொண்ட நிலையில் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ப்ளீடர் நிப்பிளை (வீல் சிலிண்டரிலிருந்து திரவத்தையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகு) கால் சுற்றுத் தளர்த்தினோம். ஆயில் பீய்ச்சியது, முன் சக்கரம் உடனே கையால் சுற்றியது. ஷூ இறுக்கமாக வைக்கப்பட்டிருந்தால் நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விட்டிருக்காது. அடுத்து, ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறதா என்ற கேள்வி. மறுபடி பெடலை மிதித்துப் பிடிக்க வைத்து, இம்முறை மாஸ்டர் சிலிண்டர் வாயிலில் உள்ள நட்டை மட்டும் தளர்த்தினோம். அப்போதும் முன் சக்கரங்கள் விட்டன. எனவே ஹோஸ் குற்றவாளி அல்ல. பெடலில், பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடுக்கு முன் அரை அங்குல இடைவெளி இருந்தது, அதை இரண்டு வண்டியிலும் அளந்தோம். எனவே புஷ் ராடு பிஸ்டனை முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கவும் இல்லை. பிறகு மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தபோது கப் துளைக்கு வெளியே வரவே மறுத்தது. வந்ததும் திரும்ப உள்ளே போகவில்லை. பின் சக்கர வீல் சிலிண்டர் இரண்டில் பிஸ்டனைக் கட்டையால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது குறை மரை. எங்கள் கணக்கில் இது முதலாவதைவிட மோசம், ஏனென்றால் இது முன்னறிவிப்புத் தராது.

உங்கள் பைப் செட்டில் உள்ள நட்டுகள் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. பழைய ஜீப் குடும்பத்துக்கு அதுவே சரி. பைப் முனையும் இரட்டை மடிப்பில் புனல் போல விரித்தது, அதுவும் சரி. ஆனால் அதே பெட்டியில் வரும் வீல் சிலிண்டரில் பைப் நட்டு நுழையும் துளை எம்10 (10 மி.மீ. மெட்ரிக்), மரை இடைவெளி 1 மி.மீ. உள்ளே உட்காரும் இடமும் குடை முனைக்கான (குமிழ் போலப் புடைத்த பைப் முனைக்கான) குழிந்த கூம்பு. ஒரே பெட்டிக்குள் இரண்டு நாட்டு அளவு!

எதிர்த்திசையில் தவறு நடந்திருந்தால் நல்லது. எம்10 நட்டு 3/8 துளைக்குள் நுழையவே நுழையாது, பொருத்துபவர் அங்கேயே நின்றிருப்பார். இங்கே நடப்பது வேறு. 3/8 நட்டின் வெளி விட்டம் 9.52 மி.மீ., அது எம்10 துளைக்குள் கொஞ்சம் ஆடிக்கொண்டே போகும், கடைசியில் இறுகுவது போலவும் காட்டும். துளை மரையின் உள் விட்டம் சுமார் 8.92 மி.மீ. சரியான எம்10 நட்டு பக்கத்துக்கு 0.54 மி.மீ. பற்றும், இது பற்றுவது 0.30 மி.மீ. அளவே. அத்தோடு 24 மரை என்றால் இடைவெளி 1.058 மி.மீ., துளையில் 1.0. ஐந்து மரை உள்ளே போனால் 0.29 மி.மீ. விலகல் சேர்ந்துவிடும். ஆக எல்லா மரையும் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதில்லை, ஓரிரண்டு மட்டும் தாங்குகின்றன. புனல் முனை குழிந்த கூம்பில் முழுதாக உட்காராமல் விளிம்பில் மட்டும் தொடுவதால் கசியும். கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் மரை வழுக்கும்.

பெடலில் 40 கிலோ மிதி, நெம்புகோல் ஆறு மடங்கு என்று வைத்தாலே 1 அங்குல மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 47 கிலோ அழுத்தம். பதறி மிதிப்பவர் 40 கிலோவில் நிறுத்த மாட்டார். வழுக்கிய நட்டின் மரை முகட்டை உருப்பெருக்கியில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறோம். முதல் இரண்டு மரை மழுங்கி, மற்றவை புதிதாகவே இருக்கின்றன.

செய்முறைத் தாளையும் மாற்ற வேண்டும். சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவி, தந்திருக்கும் கிரீஸைத் தடவிப் பூட்டச் சொல்கிறது. அந்தப் பாக்கெட் சாதாரணச் சேஸிஸ் கிரீஸ். சரியான கப் போட்டவர் இந்தத் தாளைப் பின்பற்றினால் அந்த நல்ல கப்பும் உப்பிக் கெடும். பிரேக் சிலிண்டரை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டிலோ புதுப் பிரேக் திரவத்திலோ மட்டும் கழுவ வேண்டும், பூட்டும்போது தடவுவதும் பிரேக் திரவமே. கிரீஸ் போக வேண்டிய இடம் ஷூ உரசும் பின் தகட்டு மேடுகள், அங்கும் துளியளவு. லைனிங்கைப் பற்றி ஒரு வரி: ரிவெட் தலை லைனிங் மேற்பரப்பிலிருந்து 0.8 மி.மீ. ஆழத்திலேயே நிற்கிறது, அவ்வளவு தேய்ந்ததும் டிரம்மில் கோடு விழும்.

உங்கள் பதிலில் மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஷூ அட்ஜஸ்ட்மென்ட் பற்றி மேலே சொல்லிவிட்டோம். தரமற்ற திரவம் என்றீர்கள். அதே டப்பாவின் திரவத்தில் மற்ற தயாரிப்பின் கப் 0.2 மி.மீ. மட்டுமே மாறியிருக்கிறது. பொருத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்றீர்கள். பிரேக் பாகத்தின் குறை பொருத்திய பிறகுதான் தெரியும். அந்த விதியை இதற்குக் காட்டுவது முறையல்ல. மேலும் சோதித்த கப்புகள் எந்த வண்டியிலும் ஏறாதவை.

ஒன்றை மனதார ஒப்புக்கொள்கிறோம். இந்த வண்டிகளுக்குப் பல பாகங்கள் டீலரிடம் கிடைப்பது நின்றுவிட்டது. யாராவது தயாரித்தால்தான் வண்டி ஓடும், உங்களைப் போன்றவர்கள் தயாரிப்பதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் உங்கள் விளம்பரம் பழைய சிலிண்டர்களைத் தூக்கி எறியச் சொல்கிறது. அவற்றைத் துரு சுரண்டி, லேத் பட்டறையில் எவர்சில்வர் அல்லது பித்தளை ஸ்லீவ் இறக்கி அதே 25.4 மி.மீ.க்கு ஹோன் செய்தால் (உள்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கினால்) மரையும் அமர்விடமும் அசல் அளவிலேயே இருக்கும். சரியான ரப்பரில் கப் மட்டும் தனியாக விற்றாலே பாதிப் பேருக்குப் போதும்.

நாங்கள் கேட்பவை: மூன்று பெட்டிகளின் முழு விலையும், வீணான திரவம், லைனிங், பட்டறைக் கூலி ஆகியவற்றின் செலவும் திரும்ப வேண்டும். அதைவிட அவசரமானது, இந்தக் கிட்டை இன்றே கடையிலிருந்து எடுப்பது. இதுவரை வாங்கியவர்களின் தொலைபேசி எண்கள் உங்கள் விற்பனைப் பதிவில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் அழைத்து, வண்டியை ஓட்டாமல் நிறுத்தச் சொல்லுங்கள். குறுஞ்செய்தி போதாது. புதுத் தொகுதி வரும்போது கப்பின் ரப்பர் வகை, துளையின் மரை அளவு, பைப் முனையின் வடிவம் மூன்றையும் பெட்டியின் மேல் தமிழிலும் அச்சிடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் குறைபாடுள்ள பொருளுக்கான பொறுப்புக் கோரி, நாங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் மனுத் தருவோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் இதைப் பதிவு செய்வோம்.

கழற்றிய பாகங்கள், உப்பிய கப்புகள், குப்பிகள் யாவும் பெயரும் தேதியும் ஒட்டி எங்களிடம் உள்ளன. உங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து யாராவது வெர்னியரும் மரை அளவியும் எடுத்துக்கொண்டு வந்தால், அவர்கள் முன்னாலேயே மறுபடி அளந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
மேற்கண்ட வண்டிகளின் உரிமையாளர்கள்

இணைப்பு: விலைச்சீட்டு நகல் 3, சோதனை அளவுப் பதிவு, கப், நட்டு, துளை ஆகியவற்றின் படங்கள், செய்முறைத் தாளின் நகல், உங்கள் சேவைப் பிரிவின் பதில்.