911-ஐ விற்று எம்.எக்ஸ்-5 வாங்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

போர்ஷே 911-ஐக் கொடுத்துவிட்டு, சின்னதாக, ஓட்ட ஆசையாக இருக்கும், கூரை திறக்கும் இரண்டு சீட் வண்டியான மாஸ்டா எம்.எக்ஸ்-5-ஐ வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வாங்கு. அந்தஸ்து இறங்கிவிட்டதாக நாலு பேர் நினைப்பார்களோ என்கிற தயக்கம் உன் எழுத்தில் தெரிகிறது. அதை விட்டுவிட்டு இந்தக் கணக்கை மட்டும் பார்.

உன்னுடையது 2007 கரேரா எஸ். 3.8 லிட்டர் என்ஜின், 355 குதிரைத் திறன், எடை 1,400 கிலோவுக்கு மேல். இரண்டாம் கியரை நிமிஷத்துக்கு 7,300 சுற்று வரை இழுத்தாலே வேகம் மணிக்கு 70 மைலைத் தொட்டுவிடும். நீ இருக்கும் இங்கிலாந்தில் மோட்டார்வேக்கே வரம்பு அவ்வளவுதான். நடுவில் தடுப்பில்லாத சாலையில் 60. ஆக, அந்த என்ஜின் முழு மூச்சில் பாடுவதை நீ சில நொடிக்கு மேல் கேட்க வழியில்லை. மாஸ்டா எம்.எக்ஸ்-5-இன் இப்போதைய தலைமுறையான என்.டி.யில், 2 லிட்டர் 160 குதிரைத் திறன் வண்டியின் எடை ஆயிரம் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதில் இரண்டாம் கியர் 55 மைலைத் தாண்டியதும் தீர்ந்துவிடும், மூன்றுக்குத் தள்ளியாக வேண்டும். நீ இருக்கும் லண்டன் ஹாரோவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் சில்டர்ன் மலைச் சாலைகளில் வரம்பை மீறாமலே என்ஜினை முழுக்க உபயோகிக்கலாம். கை, கால், காது எல்லாவற்றுக்கும் வேலை இருக்கும்.

இது தற்செயலாக அமைந்ததல்ல. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதல் எம்.எக்ஸ்-5 வந்தபோதே, தலைமைப் பொறியாளர் தொஷிஹிகோ ஹிராய் 'ஜின்பா இத்தாய்' என்று ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். குதிரையும் அதன் மேல் இருப்பவரும் ஒன்றாகிப் போவது என்று பொருள். திறனைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பதில்தான் அவர்கள் கவனம் இருந்தது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. இத்தனை வருஷம் நிலைத்த ஸ்போர்ட்ஸ் கார்கள் மிகக் குறைவு.

முதலில் விற்கிற வேலை. உன் வண்டியின் எம்97 என்ஜினைப் பற்றி வாங்க வருபவர் எல்லாரும் கேட்கப்போவது சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கிறதா என்பதைத்தான். 3.8 லிட்டரில் இது அதிகம். பிஸ்டன் மேல் இருக்கும் பூச்சு தேய்ந்து, அலுமினியச் சுவரோடு நேராக உரச ஆரம்பிக்கும். சூடேறிய என்ஜின் ஐடிலில் நிற்கும்போது ஒரு பக்கமிருந்து மட்டும் 'டக் டக்' என்று தட்டும், ஒரு சைலன்சர் குழாயில் மட்டும் கரி கூடுதலாகப் படியும், ஆயில் சீக்கிரம் இறங்கும். இதில் ஒன்றுகூட இல்லை என்றாலும், விளம்பரம் போடும் முன் போர்ஷே மட்டுமே பார்க்கும் ஒரு வொர்க்‌ஷாப்பில் கேமராக் குழாய் விட்டுப் படம் எடுத்து வை. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக மேலிருந்து பார்த்தால் மட்டும் போதாது. கீறல் பெரும்பாலும் சுவரின் கீழ்ப்பகுதியில் தொடங்கும் என்பதால், ஆயில் சம்ப் தகட்டைக் கழற்றிக் கீழிருந்தும் பார்க்கச் சொல். சுத்தமாக இருந்தால் அந்தப் படங்கள் உன் விலையைக் காப்பாற்றும். கீறல் இருந்தால் அதைச் சொல்லியே, விலையைக் குறைத்து விற்றுவிடு. என்ஜினைப் பிரித்து, சிலிண்டருக்குள் லைனர் என்கிற புது உள்சுவர் போடும் செலவு பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும், அதை விற்கும் விலையில் திரும்ப எடுக்க முடியாது. மறைத்து மட்டும் விற்காதே கண்ணு.

அதே இடத்தில் ஓவர்-ரெவ் ரிப்போர்ட்டும் எடுத்துக்கொள். என்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றியதை வண்டியின் கம்ப்யூட்டர் ஆறு படிகளாகக் குறித்து வைத்திருக்கும். மேல் மூன்று படிகளில் எண்ணிக்கை இருந்தால், யாரோ ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கப் போய் இரண்டில் போட்டிருக்கிறார்கள் என்று வாங்குபவர் புரிந்துகொள்வார். முன் பம்பருக்குள் இரண்டு பக்கமும் இருக்கும் ரேடியேட்டர், ஏசி கண்டென்சரில் மக்கிய இலை அடைத்திருக்கும். ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டை அரிப்பது அதுதான். பம்பரைக் கழற்றி எடுக்கச் சொல், ஜெட் பம்ப் அடித்து மெல்லிய இறகுகளை மடக்கிவிட வேண்டாம். இரண்டு சாவி, வீல் நட்டின் லாக் சாவி, சர்வீஸ் பில்கள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

மார்ச், ஏப்ரலில் விற்றுவிட்டு, கூரை திறக்கும் வண்டியை நவம்பர், டிசம்பரில் வாங்குவது லாபம். குளிரும் மழையுமான நாளில் அதைத் தேடி வருகிறவர் குறைவு. இடையில் சில மாதம் வண்டியில்லாமல் சமாளிக்க முடியாது என்றால், விலையுயர்ந்த வண்டியை வசந்தத்தில் விற்பதைத்தான் பெரிதாக நினை. சின்ன வண்டியில் நூறு இருநூறு கூடிப்போனால் போகட்டும்.

இப்போது எந்த எம்.எக்ஸ்-5 என்பதற்கு வருகிறேன். 1989 முதல் 97 வரை வந்த என்.ஏ., 98 முதல் 2005 வரை வந்த என்.பி. இரண்டும் அழகுதான். ஆனால் நீ லண்டன் எல்லைக்குள் இருக்கிறாய். புகை அதிகம் விடும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் யூலெஸ் திட்டம் 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோவுக்கும், அதாவது எல்லா வட்டாரத்துக்கும், வந்துவிட்டது. பெட்ரோல் வண்டி யூரோ 4 என்கிற புகைத் தரத்துக்குக் கீழே இருந்தால், வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. பழைய தலைமுறை வண்டிகளில் பல அந்தத் தரத்தைத் தாண்டாது. தவிர, அவற்றுக்குத் துரு ஒரு தீராத நோய். 2005 முதல் 2015 வரை வந்த என்.சி. விலை குறைவு, உடம்பு திடம், யூலெஸ் தொல்லையும் இல்லை. ஆனால் ஆரம்ப 2 லிட்டர் என்ஜின்களில் ஆயில் குறைவதைக் கவனிக்காமல் ஓட்டி, பேரிங் போனவை உண்டு. வாங்கினால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டிப்ஸ்டிக் இழுத்துப் பார்க்க வேண்டும். உன் கையில் இருக்கப்போகும் பணத்துக்கு நான் என்.டி.யைத்தான் சொல்வேன்.

என்.டி.யில் 1.5, 2.0 என்று இரண்டு என்ஜின். 131 குதிரைத் திறன் 1.5-ஐ இளக்காரமாக நினைக்காதே. மூக்கு இலகுவாக இருக்கும், ஆசையாகச் சுற்றும், 195/50 ஆர்16 டயரும் விலை குறைவு. ஆனால் 911-இல் இருந்து இறங்கும் உனக்கு 2.0 ஸ்போர்ட்தான் பொருந்தும். பின்சக்கரம் இரண்டுக்கும் இழுவையைப் பகிர்ந்துதரும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் பில்ஸ்டைன் ஷாக் அப்சார்பரும் அதில்தான் வரும். 2018 கடைசியில் வந்த மாற்றத்தில் 184 குதிரைத் திறனும், 7,500 சுற்று வரை போகும் என்ஜினும், முன்பின் நகர்த்தக்கூடிய ஸ்டியரிங்கும் கிடைத்தன. உனக்குக் கால் நீளம். அந்த ஸ்டியரிங் ஒன்றுக்காகவே புதியதைத் தேடலாம். எதுவானாலும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதே. அரை மணி நேரமாவது ஓட்டி, முழங்கால் எங்கே இடிக்கிறது, கூரை மூடியிருக்கும்போது தலை தட்டுகிறதா என்று பார். பின்சீட் இல்லாதது பிறகு தொந்தரவாகும் என்று தோன்றினால் மட்டும் டொயோட்டா ஜிடி86 பக்கம் போ.

வண்டியைப் பார்க்கப் போகும் முன், நம்பரை அரசின் இணையப் பக்கத்தில் போட்டு எம்.ஓ.டி. வரலாற்றை முழுக்கப் படி. நம் ஊர் எஃப்.சி. மாதிரிதான், ஆனால் ஒவ்வொரு வருஷம் சொன்ன குறையும் அப்படியே இருக்கும், காசும் கிடையாது. 'துரு' என்று ஒரு வருஷம் வந்து அடுத்த வருஷம் காணாமல் போயிருந்தால், சரிசெய்த பில் எங்கே என்று கேள். கடன் பாக்கி இருக்கிறதா என்பதற்குத் தனியாக ஒரு சோதனை உண்டு, அதற்குக் கொடுக்கும் சில பவுண்டுக்குக் கணக்குப் பார்க்காதே.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் நில். முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடு. குளிர்ந்த கியர்பாக்ஸில்தான் உண்மை தெரியும். 2016, 2017 வண்டிகள் சிலவற்றில் கியர்பாக்ஸ் உள்ளேயே உடைந்தது உண்டு, மாஸ்டா பிறகு உள்பாகங்களை மாற்றிக்கொண்டே வந்தது. ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, திரும்ப இரண்டு என்று மெதுவாகப் போட்டுப் பார். 'கரக்' என்று அரைத்தாலோ, கியரில் இருக்கும்போது மட்டும் ஊளையிட்டாலோ வேண்டாம். ஆரம்ப வண்டியானால் கியர்பாக்ஸ் மாற்றிய பில் இருப்பது குறையல்ல, நல்லது.

அடுத்தது தண்ணீர். துணிக்கூரையில் விழும் மழை, சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் இருக்கும் வடிகால் வழியாகக் கீழே இறங்க வேண்டும். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் அது இலையும் மண்ணுமாக அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் தேங்கி உள்ளே வரும். பழைய தலைமுறைகளில் அது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டுக்குள் நின்று, பின்சக்கரத்துக்கு முன்னால் தகட்டை உள்ளிருந்தே தின்றுவிட்டது. சீட்டைத் தள்ளி, பின்னால் இருக்கும் கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பார். ஈரமோ, பூஞ்சை வாடையோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கதவுக்குக் கீழே துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தை ஓட்டினால், டிங்கரிங் செய்து பட்டி பூசிய இடத்தில் பிடிக்காமல் நழுவும்.

லிஃப்டில் தூக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே. அங்கே பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்புப் போடுகிறார்கள். சஸ்பென்ஷன் ஆர்ம் மேல் பழுப்பாகப் படிந்த துரு பரவாயில்லை, கம்பி பிரஷ்ஷுக்குப் போய்விடும். அலைன்மென்ட் சரிசெய்யும் போல்ட்டுகள்தான் முக்கியம். நான்கு சக்கரத்துக்கும் சாய்வு, திசை இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது இந்த வண்டியின் பெரிய வசதி. போல்ட் புஷ்ஷோடு சேர்ந்து துருப்பிடித்து இறுகிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், ஆர்மும் புதிதாகப் போட வேண்டி வரும்.

வாங்கியதும் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். 0W-20 ஆயிலும் ஃபில்டரும் மாற்று, நாலரை லிட்டருக்குள் முடியும். உன் 911 எட்டு லிட்டருக்கு மேல் குடிக்கும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் அதையும் மாற்று, பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. அடிப்பாகத்தைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பெட்டித் தகட்டுக்குள் மெழுகு பீய்ச்சச் சொல். ஈரத்தின் மேல் அடித்தால் துருவை உள்ளே வைத்து மூடியது போலாகிவிடும். நான்கு டயரும் ஒரே கம்பெனி, 205/45 ஆர்17, காற்று 29 பிஎஸ்ஐ. அகலமான வீல் மாட்டச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதே. கனம் கூடினால் சக்கரம் மேடுபள்ளத்தில் துள்ளும், ஸ்டியரிங்கும் மந்தமாகும். காசு மிஞ்சினால் நல்ல டயருக்கும் அலைன்மென்ட்டுக்கும் போடு. எந்த மாற்றம் செய்தாலும் இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லிவிடு.

முதல் வாரம் வளைவில் வண்டி சாய்கிறதே என்று பயப்படுவாய். சஸ்பென்ஷன் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அந்த மென்மையால்தான் கரடுமுரடான சாலையிலும் டயர் தரையை விடாமல் இருக்கிறது. 911-இல் எடை பின்னால் என்பதால், வளைவுக்கு முன் நன்றாகப் பிரேக் பிடித்து, திரும்பி முடித்து, ஆக்சிலரேட்டரை மிதித்து வெளியேறிப் பழகிவிட்டாய். இங்கே எடை முன்னும் பின்னும் பாதிப் பாதி, வெளியே இழுத்துக்கொண்டு போக அவ்வளவு சக்தியும் கிடையாது. பிரேக்கைக் குறைத்து, கியரை ஒன்று கீழே வைத்து, வேகத்தை விடாமல் கொண்டுபோகப் பழகு. மழையில் அவசரம் வேண்டாம்.

காகித வேலையில் ஒன்று. 911 கைமாறிய அன்றே வி5சி லாக்புக்கில் (நம் ஊர் ஆர்.சி. புத்தகம் மாதிரி) இருக்கும் எண்ணைப் போட்டு, வண்டிப் பதிவைப் பார்க்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு இணையத்தில் தெரிவித்துவிடு. மீதமிருக்கும் முழு மாதங்களுக்கான சாலை வரி தானாகத் திரும்பி வரும், வாங்கியவருக்குப் போகாது. அதேபோல் புது வண்டியின் வரியும் பழையவரோடு போய்விடும். விற்பவர் லாக்புக்கிலிருந்து கிழித்துத் தரும் பச்சைச் சீட்டில் இருக்கும் எண்ணை வைத்து வரி கட்டிய பிறகுதான் அதைச் சாலையில் எடுக்க வேண்டும். 911-க்கு வருஷம் 700 பவுண்டுக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தாய். 2017 ஏப்ரலுக்குப் பின் பதிவான என்.டி.க்கு 200-ஐ ஒட்டித்தான் வரும்.

பார்க்க நினைத்திருக்கும் வண்டிகளின் நம்பரை எனக்கு அனுப்பு, எம்.ஓ.டி. வரலாற்றை இங்கிருந்தே படித்துச் சொல்கிறேன். லிஃப்டில் தூக்கும்போது பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தகட்டையும் அலைன்மென்ட் போல்ட்டுகளையும் வெளிச்சம் போட்டுக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா