அது 1914 அல்ல, பட் நம்பர் 14

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தங்கள் நாளிதழில் பழைய ஆயுதங்களின் கண்காட்சி பற்றி ஒரு படம் வந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரைஃபிள். படத்தின் கீழே, 'முதல் உலகப் போர்க் காலத்து த்ரீ நாட் த்ரீ. பட்டில் காணப்படும் 14 என்ற எண் 1914ஆம் ஆண்டைக் குறிக்கிறது' என்று போட்டிருந்தீர்கள். (த்ரீ நாட் த்ரீ என்பது .303 அங்குலத் தோட்டா போடும் பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிள்; பட் என்பது தோளில் பதியும் பின்கட்டை.) மாவட்ட ஆயுதப்படையில் முப்பது வருடம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவனாக, இருந்தவன் நான். படித்துவிட்டு, குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

பட்டில் வெள்ளை பெயின்ட்டால் எழுதியிருக்கும் எண்ணுக்கும் ஆண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது பட் நம்பர். பெல் ஆஃப் ஆர்ம்ஸ் என்கிற ஆயுத அறையில் எந்த ரேக்கில் எந்த இடத்தில் துப்பாக்கி நிற்க வேண்டும் என்று நாங்களே எழுதுவது. காவலுக்குப் போகிறவர் "பதினாலு" என்று சொல்லி வாங்கிப் போவார், அதே பதினாலைத் திருப்பித் தருவார். பெயின்ட் உதிர்ந்தால் மறுபடி எழுதுவோம். வேறு ரேக்குக்கு மாற்றினால் நம்பரும் மாறிவிடும்.

அந்த ரைஃபிள் த்ரீ நாட் த்ரீயும் அல்ல. உங்கள் படத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது: தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசின். த்ரீ நாட் த்ரீ தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது அந்த விளிம்பால் அடுக்கு சாயும், அதனால் மேகசினும் சாய்வாகவே இருக்கும். படத்தில் இருப்பதோ செங்கல்லை நிறுத்தி வைத்தது போலச் சதுரமாக இருக்கிறது. விளிம்பு இல்லாத 7.62 எம்.எம். தோட்டாவுக்குத்தான் அப்படி இருக்கும். 1962 சீனப் போருக்குப் பிறகு, மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் பழைய லீ என்ஃபீல்டு அமைப்பிலேயே, ஆனால் 7.62 தோட்டாவுக்காகப் புதிதாகச் செய்த ரகம் 2ஏ, 2ஏ1. பழைய துப்பாக்கியைத் திருத்தி உண்டாக்கியது என்று பலரும் சொல்வார்கள். அது தவறு. உறுதி கூடிய எஃகில் முதலிலிருந்தே புதிதாகச் செய்தது.

சந்தேகம் வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்ப் பார்த்தேன். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே, பட் வந்து சேரும் இரும்புக் கழுத்தின் வலப்பக்கம்தான் இந்தத் துப்பாக்கிக்குப் பிறப்புச் சான்றிதழ். கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்ததில் மூன்றும் தெரிந்தன: 7.62 எம்.எம். 2ஏ1, ஆர்.எஃப்.ஐ. (ரைஃபிள் ஃபேக்டரி இச்சாப்பூர்), 1967. ஆக, முதல் உலகப் போர் முடிந்து நாற்பத்தொன்பது வருடம் கழித்துப் பிறந்த துப்பாக்கி!

நிஜமாகவே அந்தப் போர்க் காலத்து ரைஃபிளாக இருந்தால் அதே கழுத்தில் வேறு எழுத்துகள் இருக்கும். மேலே கிரீடம், அதன் கீழ் அரசரின் பெயரெழுத்து, செய்த இடம், ஆண்டு, பிறகு ரகம். இச்சாப்பூரில் செய்ததில் ஜி.ஆர்.ஐ. என்று மூன்று எழுத்து பார்க்கலாம். கடைசி ஐ, ஜார்ஜ் மன்னர் இந்தியாவுக்குப் பேரரசராகவும் இருந்ததைச் சொல்வது. சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கம் வந்து உட்கார்ந்தது. த்ரீ நாட் த்ரீயில் 1907இல் ஏற்கப்பட்ட மூன்றாம் மார்க் என்ற ரகத்தில், மேகசினை அடைத்து ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட ஒரு தகடு உண்டு. போர் அவசரத்தில் 1916இல் அதையும், தூரத்து இலக்குக்கான பக்கவாட்டுக் குறிகாட்டியையும் எடுத்துவிட்டு, ரகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார்கள். அந்தச் சின்ன நட்சத்திரத்தைக் கவனிக்காதவர்கள்தான் தகடு தொலைந்துபோய்விட்டது என்று தேடுகிறார்கள். சிலவற்றில் எஃப்.டி.ஆர். என்ற எழுத்துகளோடு இரண்டாவது ஆண்டு ஒன்றும் இருக்கும். அது தொழிற்சாலையில் முழுதாகப் பிரித்துச் செப்பனிட்ட ஆண்டு.

அம்புக்குறி முத்திரையையும் சொல்ல வேண்டும். மூன்று கோடு சேர்ந்த அம்பு, பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான அடையாளம். கூடவே ஐ என்ற எழுத்து இருந்தால் இந்திய அரசின் சொத்து. புதிதாகப் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் அதைப் பார்த்து, "ஏட்டய்யா, துப்பாக்கிக்கு யார் நாமம் போட்டது?" என்று கேட்டான். இரண்டு அம்புகள் முனைக்கு முனை முட்டிக்கொண்டு நின்றால், அரசு அதை வெளியே விற்றுவிட்டது என்று பொருள். ஆஸ்திரேலியாவின் லித்கோவில் செய்த ரைஃபிள்களும் என் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றின் கட்டையில் ஸ்லாஸ் என்று குத்தியிருக்கும். டென்னிஸ் மட்டை செய்யும் ஸ்லாசெஞ்சர் கம்பெனி போர்க் காலத்தில் செய்து கொடுத்த கட்டை அது.

படத்தின் கீழ் எழுதிய வரிக்காக மட்டும் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கண்காட்சியில் அந்த ரைஃபிளின் கட்டை புது வார்னிஷில் பளபளத்தது. அருகில் நின்ற இன்னும் நான்கு துப்பாக்கிகளும் அப்படித்தான். உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள். அந்தப் பாவத்தை நானும் செய்திருப்பதால் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரியின் ஆய்வு வந்தது. "எல்லாம் புதுசு மாதிரி இருக்க வேண்டும்" என்று உத்தரவு. இரண்டு நாளில் அறுபது ரைஃபிளின் பின்கட்டையைத் தேய்த்தேன். கழுத்துக்குச் சற்றுப் பின்னால், கட்டையின் மேல்பக்கம் சிலவற்றில் எல் என்றும் சிலவற்றில் எஸ் என்றும் குத்தியிருந்தது. ஏதோ கிறுக்கல் என்று அதையும் வழித்துவிட்டேன். எல் என்றால் நீள பட், எஸ் என்றால் குட்டை பட், எழுத்தே இல்லாவிட்டால் சாதாரண அளவு. ஆளின் கை நீளத்துக்கு ஏற்ப மாட்டுவது. அதன் பிறகு ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்துதான் கண்டுபிடித்தோம்.

அதோடு நிற்கவில்லை. அறுபது போல்ட்டையும் கழற்றி ஒரே மண்ணெண்ணெய்த் தொட்டியில் போட்டுக் கழுவி, கைக்கு வந்ததை வந்த ரைஃபிளில் மாட்டினேன். எல்லாம் சுகமாகத்தான் மூடின. அடுத்த மாதம் சுடும் பயிற்சியில் ஒரு ரைஃபிள் சிக்கியது. போல்ட்டை இழுத்தால் தோட்டாவின் அடிப்பகுதி மட்டும் வந்தது. முன்பாதி அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. யாருக்கும் காயம் இல்லை, என் நல்ல நேரம். போல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் தோட்டா உட்காரும் இடைவெளியைப் பார்க்க இரண்டு கேஜ் உண்டு. 0.064 அங்குல கேஜ் வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 வைத்தால் மூடக் கூடாது. ஒரு அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறது விஷயம். அந்த ரைஃபிளில் இரண்டுக்கும் மூடியது. போல்ட் கைப்பிடியின் பின்முகத்தில் ஒரு எண், பாடியின், அதாவது போல்ட் ஓடும் இரும்பு உடலின், முன்வளையத்தில் வேறு எண். பெரியவர் ஒருவர், எனக்கு மூத்த ஆர்மரர், திட்டவில்லை. அறுபதையும் வரிசையாகப் பாயில் பரப்பி, எண் பார்த்து ஜோடி சேர்க்க வைத்தார். விடிந்துவிட்டது.

அன்றைக்குத்தான், ஒரே எண் போல்ட்டிலும் பாடியிலும் மட்டுமல்ல, குழாயிலும் முன்நுனியில் மாட்டும் மூக்குத் தொப்பியிலும் பின்குறிகாட்டி இலையின் அடிப்பக்கமும் முன்கட்டையின் அடியிலும் இருப்பதைப் பார்த்தேன். எல்லாம் ஒத்துப்போனால் துப்பாக்கி பிறந்தபடியே இருக்கிறது என்று நம்பலாம். மாறியிருந்தால் தரக்குறைவு என்றும் சொல்ல மாட்டேன். பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துப் புதிய எண் குத்தியிருந்தால், அது முறைப்படி மாற்றிய பாகம். தேய்த்து மொழுக்கென்று ஆக்கியிருந்தால்தான் ஒன்றும் சொல்ல முடியாது.

உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தில் த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தது. மற்ற இடங்களிலும் இவை ரேக்கிலிருந்து இறங்கிக் கண்ணாடிப் பெட்டிக்கு வந்துகொண்டிருக்கின்றன. பெட்டிக்குள் வைப்பவர்கள் தயவுசெய்து உப்புத்தாளைத் தொட வேண்டாம். மெல்லிய துணியில் கொஞ்சம் லின்சீட் ஆயில் தொட்டுத் துடைத்தால் கட்டைக்குப் போதும். தேய்த்தே ஆக வேண்டும் என்றால், முதலில் ஒவ்வொரு முத்திரையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். தங்கள் புகைப்படக்காரரும் அடுத்த முறை அந்த இரும்புக் கழுத்தை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்தால், நானே எழுதிக் கொடுக்கிறேன் கீழே போட வேண்டிய வரியை.

அந்த 2ஏ1இன் போல்ட் அதனுடையதுதானா என்று பார்க்க ஆசைப்பட்டேன். கைப்பிடியின் பின்முகம் கண்ணாடி வழியாகத் தெரியவில்லை. காவலுக்கு இருந்த தம்பியிடம் பெட்டியைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். சாவி வெளியூர் போன அதிகாரியிடம் இருக்கிறதாம். திங்கட்கிழமை வருவாராம். மறுபடி போக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர்,
மாவட்ட ஆயுதப்படை