நாலரை மணிக்குப் பூட்டும் கேட்டைப் பற்றி, நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர், பதிவாளர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சென்னையில் பல்கலைக்கழகம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருபவை இரண்டுதான். ஒன்று 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், இன்னொன்று 1978-இல் வந்த அண்ணா பல்கலைக்கழகம். ஆனால் நாலைந்து கட்டடங்களோடு இயங்கும் சின்னப் பல்கலைக்கழகங்களும் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. சட்டத்துக்கு ஒன்று, இசைக்கும் கவின்கலைக்கும் ஒன்று, ஆசிரியர் கல்விக்கு ஒன்று. போக, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அப்படிப்பட்ட சின்ன இடம் ஒன்றில் நான் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெயர் எழுதவில்லை. என் நண்பர்கள் படிக்கும் மற்ற வளாகங்களிலும் ஏறக்குறைய இதே நிலைதான் என்பதால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். காலையில் சீக்கிரம் திறங்கள், மாலையில் தாமதமாகப் பூட்டுங்கள். காலை ஏழரை முதல் இரவு எட்டரை வரை நூலகம், ஏதாவது ஒரு வகுப்பறை, கழிப்பறை, குடிதண்ணீர் இவ்வளவும் மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒன்பதரைக்கு வகுப்பு தொடங்கி மூன்றரைக்கு முடிகிறது. நூலகம் பத்துக்குத் திறந்து நாலரைக்கு மூடுகிறது. மூன்றரைக்கு வகுப்பிலிருந்து எழுந்து, டீ குடித்துவிட்டு நூலகத்துக்குப் போனால் நாலேகாலுக்கெல்லாம் ஃபேன் ஒவ்வொன்றாக நிற்க ஆரம்பிக்கும். குறிப்புதவி நூல்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள். பழைய ஆய்வேடுகளையும் அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அப்படியென்றால் எப்போது பார்ப்பது? வகுப்பைக் கட் அடித்துவிட்டு நூலகத்துக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். நன்றாகப் படிக்கிறவர்கள்தான் அதைச் செய்கிறார்கள்.

மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதைக் கொஞ்சம் பாருங்கள். சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-இல் அரசே விரிவாக்கியது. அரக்கோணம் பக்கம் வரை இப்போது அதில் வருகிறது. எங்கள் வகுப்பில் அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் தோழி ஒருத்தி இருக்கிறாள். சென்ட்ரலுக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒருவன், செங்கல்பட்டிலிருந்து இரண்டு பேர். விடுதி இல்லாததால் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் மீதிப் பேர்.

எட்டரை மணிக் கூட்டத்தில் அந்தத் தோழியால் லேடீஸ் பெட்டியில்கூட ஏற முடியாது. அதனால் அதற்கு முந்தைய வண்டியைப் பிடித்து ஏழே முக்காலுக்கே வந்துவிடுகிறாள். கேட் திறப்பது ஒன்பதுக்கு. அதுவரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுகிறாள். மாலையில் இன்னும் மோசம். நாலரைக்கு எங்களை வெளியே அனுப்பினால், அலுவலகங்கள் விடும் நேரத்தில் பார்க் ஸ்டேஷனில் போய் நிற்கிறோம். நகரமே வீட்டுக்குக் கிளம்பும் அதே நேரத்தில் எங்களையும் அதற்குள் தள்ளிவிடுகிறீர்கள். எட்டு மணிக்கு விட்டால் பாதிப் பேர் உட்கார்ந்துகொண்டே போவார்கள், போகும் வழியில் படிக்கவும் செய்வார்கள். சீக்கிரம் போக வேண்டியவர்கள் நாலரைக்கே போகட்டும், அவர்களை யாரும் பிடித்து வைக்கப் போவதில்லை.

அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நான் இருக்கிறேன். மூன்று கட்டில் போட்ட பிறகு அறையில் கதவு திறக்கும் அளவுக்குத்தான் இடம் மிஞ்சும். மேசை கிடையாது. என் அறைத் தோழர்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவருக்கு நைட் ஷிஃப்ட். மாலை ஆறு மணிக்கு அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நான் லைட் போட முடியாது, சத்தமாக ஒரு பாடலைப் படித்துப் பார்க்க முடியாது. அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தத் தூக்கம் அவருக்கு வேண்டும். படிக்கட்டு வளைவில் இருக்கும் டியூப்லைட்டுக்குக் கீழே மடிக்கணினியை மடியில் வைத்து உட்கார்ந்துதான் என் ஆய்வேட்டின் முதல் இயலை எழுதினேன். ஏறி இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எழுந்து வழிவிட வேண்டும். என் வகுப்பில் இன்னொருவன் சனி, ஞாயிறு கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலைக்குப் போகிறான். அவனுக்கு வார நாள் மாலை மட்டும்தான் சொந்த நேரம். அந்த நேரத்தில் உட்கார இடமில்லை.

ஊரில் நூலகங்கள் இருக்கின்றனவே, அங்கே போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். போகிறோம். எழும்பூரில் கன்னிமாரா 1896-இலிருந்து இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் ஒரு படி சட்டப்படி அங்கே வந்து சேர வேண்டும். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், எழும்பூரிலேயே ஆவணக் காப்பகம். தமிழ் படிக்கிறவனுக்கு இப்படி ஒரு ஊர் கிடைப்பது பெரிய பேறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. 2010-இல் திறந்த அந்த நூலகத்தை 2011-இல் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவிப்பு வந்தபோது, வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கி, அதை நூலகமாகவே காப்பாற்றினார்கள். மக்களுக்கு உட்கார்ந்து படிக்க ஓர் இடம் எவ்வளவு முக்கியம் என்று அன்று இந்த ஊர் காட்டியது.

ஆனால் அங்கே போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் அந்த இடம் வேண்டும்தானே. தவிர, அங்கே பேச முடியாது. பேசக் கூடாது என்பதுதான் முறை, சரிதான். எங்களுக்கோ பேசவும் ஓர் இடம் வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களில் கிடைக்காத ஒன்று சின்னப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கிறது என்றால் அது இந்தப் பேச்சுத்தான். என் வகுப்பில் இருபது பேர்கூட இல்லை. எல்லாப் பேராசிரியர்களுக்கும் எங்கள் பெயர் தெரியும், யாருடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதுகூடத் தெரியும். முதலாண்டு மாணவி இரண்டாமாண்டு மாணவனிடம் சந்தேகம் கேட்கலாம், முனைவர் பட்ட ஆய்வாளர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். இதையெல்லாம் எந்த நிதி ஒதுக்கீட்டாலும் வாங்க முடியாது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாலரைக்குப் பூட்டிவிடுகிறீர்கள்.

போன பருவத்தில் ஒரு நாள் நடந்தது இது. வகுப்பு முடிந்த பிறகும் தூங்குமூஞ்சி மரத்தடியில் எங்கள் பேராசிரியரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் அது தலைவி கூற்றா தோழி கூற்றா என்று தொடங்கிய பேச்சு. பழைய உரைகாரர்கள் சொல்வதை அவர் சொல்ல, இயற்பியல் துறைப் பையன் ஒருவன் நடுவில் புகுந்து, பாட்டில் வரும் பறவை அந்தப் பருவத்தில் அந்த நிலத்துக்கு வருமா என்று கேட்டான். யாருக்கும் பதில் தெரியவில்லை. பேராசிரியர் சிரித்துக்கொண்டே, நூலகத்தில் பறவைகள் பற்றிய புத்தகம் இருக்கிறது, வாருங்கள் பார்க்கலாம் என்றார். நூலகம் மூடியிருந்தது. அப்படியே நின்று பேசலாம் என்றால் காவலர் அண்ணன் வந்து, "தம்பி, பூட்டணும்பா, எனக்கு மேலேருந்து போன் வருது" என்றார். கலைந்து போனோம். மறுநாள் அவரவர் வேலை, அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது. இரு துறை மாணவர்கள் ஒரு பாட்டைப் பற்றிப் பேசும் வாய்ப்பை உண்டாக்கத்தான் கருத்தரங்குகள் நடத்தி, பேனர் கட்டி, சான்றிதழ் தருகிறீர்கள். அது மரத்தடியில் தானாக நடந்தது.

மாணவிகளின் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்வீர்கள் என்று தெரியும், ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கவலையை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளை விடுதியில் மாணவிகள் மீது போடக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. போதிய வெளிச்சம் வேண்டும், காவல் பணியில் பெண்களும் இருக்க வேண்டும் என்றும் அதே விதிமுறைகள் சொல்கின்றன. விளக்குப் போடுவதுதான் அங்கே சொல்லப்பட்ட வழி. பூட்டுப் போடச் சொல்லவில்லை. எங்கள் வகுப்புத் தோழிகளிடம் கேட்டேன். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021-இலிருந்து கட்டணம் இல்லை, அதனால் ஊரைச் சுற்றிப் பார்க்கவும் நூலகங்களுக்குப் போகவும் முன்னைவிட இப்போது எளிது என்கிறார்கள். அவர்களுக்குப் பயம் தருவது வளாகத்துக்கு வெளியே இருட்டில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரம். நாலரைக்குப் பிறகு அவசரத்துக்குப் போகக் கழிப்பறை இல்லை என்பதால் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை என்று ஒருத்தி சொன்னாள். தயவுசெய்து இந்த ஒரு வரியையாவது ஆட்சிக்குழுவில் வாசித்துக் காட்டுங்கள்.

அப்புறம், அலுவலகக் கவுன்டர். ரயிலில் மாணவர்களுக்குச் சலுகைக் கட்டண சீசன் டிக்கெட் உண்டு. அதற்குப் பல்கலைக்கழகம் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். ஆவணக் காப்பகத்துக்குப் போகவும் அறிமுகக் கடிதம் வேண்டும், உதவித்தொகைக்கு இங்கே படிக்கிறோம் என்ற போனஃபைடு சான்றிதழ் வேண்டும். கவுன்டர் பதினொன்றிலிருந்து ஒன்று வரை, பிறகு இரண்டரையிலிருந்து மூன்றரை வரை. அதாவது வகுப்பு நடக்கும் நேரம் மட்டும். வாரத்தில் இரண்டு நாள் மாலை ஆறு வரை அந்தக் கவுன்டரைத் திறந்து வைத்தாலே எங்கள் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆள் பற்றாக்குறை என்பது உண்மையான சிக்கல். நூலகத்தில் நிரந்தரப் பணியாளர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்கே தெரிகிறது, காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. இருக்கிற அக்காவையும் அண்ணனையும் காலை முதல் இரவு வரை நிற்க வையுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். அவர்களில் பலர் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறவர்கள், அவர்களுக்கும் பிடிக்க வேண்டிய ரயில் இருக்கிறது. ஷிஃப்டாகப் பிரியுங்கள். ஒருவர் ஏழரைக்கு வந்து மூன்றரைக்குப் போகட்டும், இன்னொருவர் பன்னிரண்டரைக்கு வந்து எட்டரைக்குப் போகட்டும். மாலையில் புத்தகம் எடுத்து வைக்க, பதிவேடு பார்க்க, மாணவர்களையே மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்து அமர்த்தலாம். பந்தி பரிமாறப் போகும் என் நண்பனுக்கு அந்த வேலை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

முடியும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு ஆய்வுக்கு வந்த வாரத்தில் எங்கள் நூலகம் இரவு எட்டு வரை திறந்திருந்தது. எல்லா ஃபேனும் ஓடியது, குடிதண்ணீர் கேன் நிறைந்திருந்தது, வெளியே விளக்கு எரிந்தது. அந்த வாரம் ஒவ்வொரு மாலையும் நாற்காலிகள் நிறைந்தன. யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கவில்லை, நாங்களாகவே வந்தோம். முதலாண்டு மாணவிகள் நாலு பேர் சேர்ந்து மொழியியல் தாள் முழுவதையும் அந்த வாரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து முடித்தார்கள். திங்கட்கிழமை வந்தபோது பழையபடி நாலரை.

கோடிக்கணக்கில் பணம் கேட்கவில்லை, புதுக் கட்டடமும் கேட்கவில்லை. வரும் இரட்டைப்படைப் பருவம் தொடங்கும்போது ஒரு பருவத்துக்கு மட்டும் சோதனையாகச் செய்து பாருங்கள். வருகைப் பதிவேட்டை வைத்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். யாரும் வரவில்லை என்றால் மூடிவிடுங்கள், நாங்கள் மறுபடி கேட்க மாட்டோம். எந்த நேரம் வரை திறக்கலாம் என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு மாணவர்கள் இரண்டு பேரையும், நூலகப் பணியாளர் ஒருவரையும், காவலர் அண்ணனையும் கூப்பிடுங்கள்.

உங்கள் முடிவு எதுவானாலும் எழுத்தில் தாருங்கள். நூலக வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும், பார்த்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன்,
சென்னை