சாயக்கழிவு வழக்குகள் எங்கே தோற்கின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நொய்யலில் நுரை பொங்குகிறது, ஓடையில் நிறம் மாறித் தண்ணீர் வருகிறது என்று மழைக்காலம்தோறும் நாளிதழ்களில் செய்தி வருகிறது. அதைப் படிப்பவர்கள், இத்தனை ஆண்டுகளில் எந்த முதலாளி சிறைக்குப் போனார் என்று கேட்கிறார்கள். சட்டம் வலுவாக இல்லை என்று தாமே முடிவும் சொல்லிவிடுகிறார்கள். கொங்குப் பகுதியின் குற்றவியல் நடுவர் மன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடி ஓய்வு பெற்றவன் நான். சாயப்பட்டறை உரிமையாளர்களுக்காக எதிரி தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில், நின்றிருக்கிறேன். அவற்றில் நான் ஜெயித்த வழக்குகள் எவையும் பட்டறைத் தண்ணீர் சுத்தமாக இருந்தது என்று நிரூபித்து ஜெயித்தவை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தில் 21ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி கழிவுநீர் மாதிரி எடுக்கும்போது, அதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பப் போவதாக அந்த இடத்திலேயே ஆலைப் பொறுப்பாளருக்கு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனிக் கலனில் அடைத்து முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். ஒன்றை வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு உடனடியாக அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் கேட்டால் மற்றதை அரசு குறிப்பிட்ட வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த நடைமுறையைப் பின்பற்றாத மாதிரியின் ஆய்வு முடிவை எந்தச் சட்ட நடவடிக்கையிலும் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று அதே பிரிவு திட்டவட்டமாகச் சொல்கிறது. எதிரி தரப்பு வழக்கறிஞர் வழக்கு ஆவணக் கட்டை எடுத்தவுடன் முதலில் புரட்டுவது ஆய்வறிக்கையை அல்ல, இந்த அறிவிப்பின் நகலைத்தான்.

ஒரு வழக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. பட்டறைக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில் இறங்கி மாதிரி எடுத்த வாரியத்தின் இளம் பொறியாளர் சாட்சிக் கூண்டில் நின்றார். நேர்மையானவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அறிவிப்பு கொடுத்தீர்களா என்றேன். வாயால் சொன்னதாகச் சொன்னார். யாரிடம் என்றேன். வாட்ச்மேனிடம் என்றார். எத்தனை கேன் என்றேன். ஒன்று என்றார். எடுத்த நாளுக்கும் ஆய்வகம் பெற்றுக்கொண்ட நாளுக்கும் ஒன்பது நாள் இடைவெளி. அதுவரை கேன் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு அலுவலகத்தில் என்று மட்டும் பதில் வந்தது. கட்டில் இருந்த புகைப்படங்களில் தண்ணீர் ரத்தச் சிவப்பாக இருந்தது. நடுவர் அவற்றை ஒருமுறை பார்த்தார், பிறகு சட்டப் புத்தகத்தைப் பார்த்தார், விடுதலை எழுதினார். குளிரில் வைக்காத கேனில் பிஓடி அளவு, அதாவது தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, நாளுக்கு நாள் மாறும் என்பது உண்மை. ஆனால் சாயத் தண்ணீரின் முக்கியக் கேடான உப்பு ஒன்பது நாளில் எங்கும் போய்விடாது. அதை எடுத்துச் சொல்ல அரசுத் தரப்பில் ஆள் இல்லை. சொல்ல வேண்டிய கடமை எனக்கும் இல்லை.

இதை வைத்து 21ஆவது பிரிவையே எடுத்துவிட வேண்டும் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. பக்கத்துப் பட்டறையின் தண்ணீரைப் பிடித்து வந்து இவர் தலையில் கட்டினால் இவர் எப்படித் தப்புவார்? ஆறாண்டுச் சிறை வரை போகக்கூடிய குற்றச்சாட்டில் அந்தப் பாதுகாப்பு நியாயமானது. அதைக் கடைப்பிடிப்பதும் பெரிய வித்தை இல்லை. பொறுப்பாளர் வேண்டுமென்றே வராமல் ஒளிந்துகொண்டால் என்ன செய்வது என்பதற்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது: அறிவிப்பைக் கொடுத்துவிட்டு, எடுத்தவரே முத்திரையிட்டுக் கையொப்பமிட்டு அனுப்பி, அவர் வராததை அரசுப் பகுப்பாய்வாளருக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும். நள்ளிரவு மழையில் கழிவு திறந்துவிடப்படும்போது கேட்டைத் தட்டினால் யாரும் வரவில்லை என்று திரும்பிவிடும் அதிகாரிகளில் எத்தனை பேர் இந்த உட்பிரிவைப் படித்திருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகமே.

மற்ற தற்காப்புகள் இந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை. எனக்குத் தெரியாமல் நடந்தது, உரிய கவனம் செலுத்தினேன் என்று 47ஆவது பிரிவின் கீழ் நிர்வாகிகள் வாதிடலாம். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை அவர்களுடையது. கழிவுநீர் விடுவதற்கான வாரியத்தின் அனுமதியான இசைவாணையைக் கேட்டு நான்கு மாதத்தில் வாரியம் பதில் தராவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும் என்ற 25ஆவது பிரிவின் வாசகமும் உதவும். அதற்கும் காரணம் வாரியத்தின் தாமதம்தான். புகாரில் நிறுவனத்தின் பெயர் தவறாக இருந்ததைப் பிடித்துக்கொண்ட மோடி டிஸ்டிலரி வழக்கில், அது திருத்தக்கூடிய குறை என்று உச்ச நீதிமன்றம் 1987இலேயே சொல்லிவிட்டது. கோமதி ஆற்றில் கழிவு விட்டதாக 1983இல் தொடரப்பட்ட மோகன் மீகின் வழக்கில், காலம் கடந்துவிட்டது என்ற வாதமும் 2000இல் எடுபடவில்லை. அந்நியச் செலாவணி, லட்சம் பேரின் வேலை என்பதெல்லாம் திருப்பூர்ச் சாயத் தொழில் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தாயிற்று. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைதான் நின்றது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னதைத் திருப்பூர் மறந்திருக்காது.

ஆகவே இழப்பீடு, மூடல் என்று வரும்போது சட்டத்தின் கை ஓங்கியே இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17ஆவது பிரிவில், விபத்தால் வந்த சேதத்துக்குத் தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லாமல் இழப்பீடு விதிக்கலாம். பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும் என்றது. தனிமனிதர் பொறுப்பு என்று வரும் குற்ற வழக்குதான் கேனிலேயே கவிழ்கிறது.

இப்போது இதைச் சொல்லக் காரணம், நீர் மாசு தடுப்புச் சட்டத்துக்கு 2024இல் வந்த திருத்தச் சட்டம். ஆற்றில் கழிவை விடுவதற்கு இருந்த ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரையிலான சிறைத் தண்டனையை அது நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று ஆக்கியிருக்கிறது. முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகளுக்கு என்று வந்த இத்திருத்தத்தை மற்ற மாநிலங்கள் சட்டமன்றத் தீர்மானத்தால் ஏற்கலாம். நீதிமன்றத்தில் வழக்கு இழுக்கிறது, இனி அபராதம் விதிக்கப்போகும் அதிகாரியிடம் சீக்கிரம் முடியும் என்பது திருத்தத்தின் ஆதரவாளர்களின் வாதம். அப்படி முடியும் என்று நான் நம்பவில்லை. எந்தச் சட்ட நடவடிக்கையிலும் என்ற 21ஆவது பிரிவின் சொற்கள் அந்த அதிகாரியின் மேசைக்கும் பொருந்தும் என்றே என் போன்றவர்கள் நாளை வாதிடுவார்கள். சிறையும் போய், அபராதமும் நிற்காமல் போகும்.

வாரியம் செய்யக்கூடியது எளிது. ஆய்வுக்குப் போகும் ஒவ்வொரு ஜீப்பிலும் அச்சிட்ட அறிவிப்புப் படிவம், இரண்டு கேன், அரக்கு, ஐஸ் பெட்டி இருக்கட்டும். மாதிரி எடுப்பதைத் தொடக்கம் முதல் முத்திரை வரை செல்போனிலாவது படம் பிடிக்கட்டும். அறிக்கை வந்த வாரமே அரசு வழக்கறிஞர் ஒருவர் கட்டைப் பார்த்துக் குறையைச் சொல்லட்டும். விடுதலையான ஒவ்வொரு வழக்கிலும் காரணம் என்ன என்பதை வாரியம் ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும்.

நொய்யலில் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. வாரியம் வழக்குத் தொடராவிட்டால், அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் நடுவர் மன்றத்தில் புகார் தரலாம் என்கிறது நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 49ஆவது பிரிவு. பொதுநலனுக்கு முரண் என்று வாரியம் கருதினாலொழிய, கேட்கும் அறிக்கைகளை அது கொடுத்தாக வேண்டும். பாட்டிலில் நீங்கள் பிடித்து வைத்த தண்ணீரை மட்டும் நம்பி வர வேண்டாம். முதலில் வாரியத்தின் மாதிரி அறிவிப்பு நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஆலைப் பொறுப்பாளரின் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வழக்கறிஞர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.