புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கும் அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

நீங்கள் ஸ்கூட்டர் வாங்கிவிட்டதாக ஓசூரிலிருந்து உங்கள் மகன் போன் செய்து சொன்னான். புல்லட்டின் மேல் காலைத் தூக்கிப் போட நீங்கள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் அவனே முன்பணம் கட்டினானாம். கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் ஷோரூமில் நீங்கள் சொன்னதாக அவன் சொன்ன ஒரு பேச்சு அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. “முறுக்கினால் போகிறது, விட்டால் நிற்கிறது, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?”

நிறைய இருக்கிறது, அண்ணா. நாற்பது ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டிய உங்களுக்கு, வண்டியே தொட்டுப் பார்க்காதவரைவிட அதிகமாகவே இருக்கிறது. நேரில் சொன்னால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் வயதில் இப்படி வண்டி மாற்றுகிறவர்கள் நம் தருமபுரியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

ஸ்கூட்டர் பெண்கள் வண்டி என்ற எண்ணம் உங்களுக்கு உண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை. நாலு ரோட்டு டீக்கடையில் உங்கள் நண்பர்கள் சொல்லும்போது மறுத்ததும் இல்லை. சரி, பெண்கள் வண்டி என்றே வைத்துக்கொள்வோம். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்த காலமெல்லாம் பென்னாகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வண்டிதான். புதன்கிழமை தடுப்பூசி நாள். பெட்டிக்குள் நான்கு பக்கமும் ஐஸ் பொட்டலம் அடுக்கி, நடுவில் மருந்துக் குப்பிகளை வைத்து மூடி, கால் வைக்கும் பலகையில் இரண்டு பாதங்களுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு கிளம்புவேன். பள்ளத்தில் வண்டி இறங்கினால் முதலில் அந்தப் பெட்டி ஆடும். எந்த மேட்டில் வேகத்தைக் குறைப்பது, மணல் கொட்டிக் கிடக்கும் வளைவுக்கு எவ்வளவு முன்னால் பிரேக் பிடித்து முடிப்பது என்பதையெல்லாம் அந்தப் பெட்டி ஆடாமல் பார்த்துக்கொண்டதில்தான் கற்றேன். இன்று நீங்கள் ஏறப்போகிற வண்டியில் உங்களைவிட எனக்கு அனுபவம் அதிகம். தங்கை சொல்கிறாளே என்று தள்ளிவிடாமல் கேளுங்கள்.

கியர் இல்லாத வண்டி நம் வீட்டுக்கும் புதிதில்லை. 1980இல் ஓசூரில் டி.வி.எஸ். 50 வந்தபோது ஓசூர் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அப்பா கேழ்வரகு மூட்டையைக் கட்டிக்கொண்டு இண்டூர் மேட்டில் ஏறியது அந்த வண்டியில்தான். அதை யாரும் குறைவாகப் பேசிக் கேட்டதில்லை. இன்றைக்கு மின்சார ஸ்கூட்டர்கள் தயாராவதும் அதே ஓசூரிலும் போச்சம்பள்ளிப் பக்கத்திலும்தான்.

உங்களுக்குப் புதிதாகப் பழக வராது என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் ஒருமுறை பழகிக் காட்டியிருக்கிறீர்கள். மைசூரில் செய்த யெஸ்டி உங்களிடம் இருந்ததே, அதில் ஒரே கம்பிதான் கிக்கரும் கியரும். நிமிர்த்தி உதைத்தால் எஞ்சின் கிளம்பும், மடக்கி அழுத்தினால் கியர் விழும். அது இடது பக்கம். பிரேக் வலது காலில். அடுத்து நீங்கள் வாங்கிய பழைய புல்லட்டில் எல்லாம் இடம் மாறியிருந்தன. கியர் வலது காலுக்கு வந்தது, பிரேக் இடது காலுக்குப் போனது. அந்த வாரங்களில் விடியற்காலையில் ஆள் நடமாட்டமில்லாத சாலைக்குப் போய், ஓட்டுவதும் நிறுத்துவதுமாகப் பழகிவிட்டு வருவீர்கள் என்று அண்ணி இப்போதும் சொல்வார்கள். மின்வாரிய வேலையில் நடு இரவில் டிரான்ஸ்பார்மர் பழுது என்று ஆள் வந்து கதவைத் தட்டினால், புல்லட் வாசலில் நிற்க, யெஸ்டியைத்தான் எடுத்துக்கொண்டு போனீர்கள். அவசரத்தில் கால் பழைய இடத்தைத்தான் தேடும் என்பது உங்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அன்று உங்கள் கால்களுக்கு வந்த வேலை இப்போது கைகளுக்கு வந்திருக்கிறது. இடது கை லிவரை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் அது கிளச். இழுத்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுப்போய் வண்டி தன் போக்கில் உருளும். ஸ்கூட்டரில் அதே இடத்தில், அதே வடிவத்தில் இருப்பது பிரேக். சந்தைக் கூட்டத்தில் அரை கிளச்சில் ஊர்ந்து பழகிய உங்கள் கை, குறுகலான இடத்தில் வண்டியைத் திருப்பும்போது தன்னையறியாமல் அந்த லிவரை இழுக்கும். பாதி வளைவில் வண்டி நின்று ஒரு பக்கமாகச் சாயும். மணலில் என்றால் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போகும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கும் 125 சிசி வரையிலான வண்டிகளில் கூட்டு பிரேக்காவது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸாவது இருந்தாக வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது கூட்டு பிரேக். இடது கையைப் பிடித்தாலே முன்சக்கரத்துக்கும் கொஞ்சம் பிரேக் போகும். நல்ல ஏற்பாடுதான். அதைக் கிளச் என்று நினைத்து வெடுக்கென்று இழுக்கிற கைக்கு அது உதவாது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நாய் குறுக்கே ஓடினால் உங்கள் இடது கால் பலகையை ஓங்கி மிதிக்கும். அங்கே ஒன்றும் இல்லை. 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் எட்டு மீட்டருக்கு மேல் போய்விடும். கால் ஏமாந்து, கைக்குப் புத்தி வருவதற்குள் அந்த எட்டு மீட்டர் முடிந்திருக்கும்.

ஆகவே சாலைக்குப் போவதற்கு முன் வாசலில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். கால்கள் இரண்டும் பலகையில் அசையாமல் இருக்கட்டும். முறுக்கை விடுவது, இரண்டு லிவரையும் ஒன்றாக மெதுவாக இழுப்பது, கடைசியாகக் காலை ஊன்றுவது. செய்தித்தாள் படித்து முடித்த பிறகு தினமும் கொஞ்ச நேரம் இதையே செய்யுங்கள். பக்கத்து வீட்டார் பார்த்தால் பார்க்கட்டும்.

இனி சொல்வதுதான் எனக்கு மிகவும் முக்கியம். ஸ்கூட்டரில் நியூட்ரல் கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், பிரேக் பிடிக்காமல் முறுக்கிய அந்தக் கணமே வண்டி பாயும். புல்லட்டை நியூட்ரலில் ஓடவிட்டு வாசலில் நின்று பேசும் பழக்கம் உங்களுக்கு உண்டு. பேரனை முன்னால் நிறுத்திக்கொண்டு கடைக்குப் போகும் ஆசையும் இருக்கும். ஸ்கூட்டரின் பலகை அவன் நிற்பதற்கென்றே செய்தது போலத் தெரியும். கடை வாசலில் வண்டி நிற்கும்போது சின்னப் பிள்ளை பிடித்துக்கொள்வது எதை? கைப்பிடியைத்தான். நான் பணியில் இருந்தபோது இப்படி ஒரு தாத்தாவும் பேரனும் அடிபட்டு வந்தார்கள். தாத்தா சில்லறை வாங்கக் கையை நீட்டிய நேரத்தில் பையன் முறுக்கிவிட்டான். வண்டி கடைப்படியில் ஏறிக் கவிழ்ந்தது. பையனுக்குத் தாடையில் தையல், தாத்தாவுக்கு முழங்கால். பையன் தன் வலியைவிட, தான்தான் தாத்தாவைத் தள்ளிவிட்டோம் என்றே அழுதுகொண்டிருந்தான். நிறுத்தினால் சாவியைத் திருப்பிவிடுங்கள். ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போதும், பின்னால் தள்ளும்போதும், அரை நிமிடம் பேச நின்றாலும் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். பேரன் முன்னால் நிற்கவே வேண்டாம்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் சாலை உங்களுக்கு மனப்பாடம். புல்லட்டை இரண்டாவது கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் பாட்டுக்கு மரங்களைப் பார்த்துக்கொண்டு இறங்கலாம். ஸ்கூட்டரில் குறைப்பதற்குக் கியர் இல்லை. பெல்ட் வழியாக எஞ்சின் கொடுக்கும் பிடிப்பு கொஞ்சம்தான். முறுக்கை முழுக்க விட்டு வேகமும் குறைந்துவிட்டால், உள்ளே இருக்கும் கிளச் தானாக விடுபட்டு, அந்தப் பிடிப்பும் போய்விடும். தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளைப் பற்றி எனக்குச் சொன்னதே நீங்கள்தான். ஸ்கூட்டர் இறக்கத்தில் வந்து நிற்பதும் ஏறக்குறைய அதே நிலையில்தான். மேலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்குங்கள். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு வாருங்கள். லிவர் வழக்கத்தைவிட உள்ளே போவதாகத் தோன்றினால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். தொப்பூர் பக்கம் இந்த வண்டியில் போகவே வேண்டாம். சேலத்துக்கு பஸ் இருக்கிறது.

புல்லட்டின் 19 அங்குலச் சக்கரம் தாண்டிப் போன பள்ளத்தில் 10, 12 அங்குலச் சக்கரம் இறங்கி ஏறும். தொடைகளால் இறுக்கிப் பிடிக்க முன்னால் டேங்க் இல்லை. அதனால் கொஞ்சம் முன்னால் தள்ளி, முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். நீங்கள் உயரமானவர். கைப்பிடியை முழுக்கத் திருப்பினால் முழங்காலில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் மட்டும் கொஞ்சம் பின்னுக்கு உட்கார வேண்டியிருக்கும். பாலக்கோட்டுச் சந்தையிலிருந்து தக்காளிப் பெட்டியைப் பலகையில் ஏற்றிக்கொண்டு, காலை வெளியே தொங்கவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறோம். நீங்கள் அப்படி வராதீர்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, இதற்குப் புல்லட்டே மேல் என்று நினைத்துவிடாதீர்கள். செவிலியராகச் சொல்கிறேன், ஸ்கூட்டர் உங்களுக்குத் தேவை. சர்க்கரை வந்த பிறகு பாதத்தில் மதமதப்பு இருப்பதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பாதம் உணர்ந்தால்தான் கால் பிரேக் பயன்படும். உணர்ச்சி மங்கிய பாதம் அதிகமாக அழுத்தும், அல்லது அழுத்தியதாக நினைத்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில் இருக்கின்றன. உங்கள் கைகளில் உணர்ச்சி நன்றாகவே இருக்கிறது. புல்லட் 160 கிலோவுக்கு மேல், உங்கள் புது வண்டி 110 கிலோவுக்குள். தேய்ந்த மூட்டோடு வண்டி சாயும்போது தாங்குகிறவருக்கு அந்த 50 கிலோ பெரிய வித்தியாசம். ரப்பர் செருப்பு வேண்டாம், பாதத்தை மூடும் ஷூ போடுங்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வண்டி எடுக்காதீர்கள். உரிமம் புதுப்பிக்கும்போது 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். அதை ஒரு காகிதமாக நினைக்காமல், அந்தச் சாக்கில் கண்ணையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எதிர் விளக்கு கூசுகிறது என்று பொங்கலுக்கே சொன்னீர்கள். அது கண்புரையாக இருக்கலாம்.

புல்லட்டை விற்கச் சொல்லி நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். அந்த வண்டியில்தான் என் பிரசவத்துக்கு அம்மாவைக் கொண்டுவந்து விட்டீர்கள். ஆனால் ஒரு நாள் அது, ஒரு நாள் இது என்று மாற்றி மாற்றி ஓட்டாதீர்கள். அப்படி ஓட்டினால் கை எந்தப் பாடத்தையும் முழுதாகக் கற்காது, அவசரத்தில் இரண்டுக்கும் நடுவில் தடுமாறும். ஸ்கூட்டர் நன்றாகக் கைக்கு வரும்வரை புல்லட் ஓசூரில் மகனிடம் இருக்கட்டும். அவன் ஓட்டினால் அதற்கும் நல்லது. சும்மா நின்றால் டேங்க் துருப்பிடிக்கும்.

அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதிதாக மனைப்பிரிவு போட்டிருக்கிறார்கள். தார்ச்சாலை அகலமாக இருக்கிறது, வீடு ஒன்றும் எழவில்லை, மஞ்சள் கற்கள் மட்டும் நட்டிருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு மகனோடு காரில் வாருங்கள். ஸ்கூட்டரை அவன் முதல் நாளே இங்கே கொண்டுவந்து விடட்டும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குள் நிறுத்திப் பழகலாம், எட்டுப் போட்டுப் பழகலாம், நான் பக்கத்தில் நிற்கிறேன். அண்ணியையும் அழைத்து வாருங்கள், எனக்கும் பேச ஆள் வேண்டும். உங்கள் பின்னால் உட்கார மட்டும் அவர்கள் இன்னும் சில வாரம் பொறுத்திருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தங்கை