இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்படும் துடிப்புச் சீர்கேட்டைத் தடுக்கப் பொது நடைமுறை கோரும் மனு

அனுப்புநர்:
செவிலியர்,
இதய அறுவை சிகிச்சைப் பிரிவு,
அரசு மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை.

பொருள்: இதய அறுவை சிகிச்சை பெறுவோருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்புச் சீர்கேடு வராமல் தடுக்க, எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் எழுத்துபூர்வ வழிகாட்டு நெறிமுறை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதய அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பின்னர் வார்டிலும் பராமரித்து வரும் செவிலியர் என்ற முறையில், இம்மனுவைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன்.

பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும், வால்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் அதைவிடக் கூடுதலானோருக்கும், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து படபடக்கும் இந்தச் சீர்கேடு ஏற்படுகிறது. பலருக்கு இது சில நாட்களில் அடங்கிவிடுவதால், வந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் இது வந்தவர்களுக்கு இரத்த அழுத்தம் சரியக்கூடும். மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். மருத்துவமனையில் தங்கும் நாட்களும் கூடுகின்றன. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் சொல்லக் கேட்டு நிம்மதியடைந்த குடும்பம், மூன்றாம் நாள் மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வந்து நிற்பதைப் பார்ப்பது எங்களுக்கு மிகுந்த வேதனையளிக்கிறது.

இச்சீர்கேடு பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வருகிறது. நோயாளியை வார்டுக்கு மாற்றி, மானிட்டர் இணைப்பைக் கழற்றுவதும் அதே நாட்களில்தான். மணிக்கட்டில் விரல் வைத்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஒழுங்கே இருக்காது. இரத்த அழுத்தக் கருவி ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவைக் காட்டும். நோயாளியோ தனக்கு ஒன்றும் இல்லை என்பார். படபடப்பை உணராதவர்கள் பலர் இருப்பதால், மானிட்டர் இல்லாத வார்டில் இதைக் கண்டுபிடிக்கவே பல மணி நேரம் ஆகிவிடுகிறது.

மருந்து விடுபடுவது இதைவிட வருத்தத்திற்குரியது. நீண்ட காலமாக மெட்டோப்ரோலால் போன்ற, இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தை எடுத்து வருபவருக்கு அதைத் திடீரென நிறுத்தினால் துடிப்புச் சீர்கேட்டின் அபாயம் கூடும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. நான் பராமரித்த முதியவர் ஒருவருக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் எழுதப்பட்ட புதிய மருந்து அட்டையில் அந்த மாத்திரை இடம்பெறவில்லை. மூன்றாம் நாள் இரவு அவருடைய துடிப்பு நிமிடத்திற்கு 150-ஐத் தாண்டிய பிறகே பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தோம். இரத்த அழுத்தம் குறைந்தவர்களுக்கும், துடிப்பு மிக மெதுவாக உள்ளவர்களுக்கும், கடும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இம்மருந்தைத் தள்ளிவைக்க நேரலாம் என்பதை அறிவேன். அப்படித் தள்ளிவைத்தால் அதன் காரணத்தையும், மீண்டும் தொடங்க வேண்டிய நேரத்தையும் அட்டையில் எழுதுவது கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தடுப்பு வழிகளுக்கு ஆதாரக் குறைவு இல்லை. கனடாவில் சுமார் 600 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் மாத்திரை பெற்றவர்களில் 16 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 29 சதவீதத்தினருக்கும் மேலறைச் சீர்கேடு ஏற்பட்டது. பக்கவிளைவுகள் உள்ள மருந்து என்பதால், இதை அபாயம் மிகுந்தவர்களுக்கு மட்டும் மருத்துவர் தெரிவு செய்து தருவது பொருத்தமாக இருக்கும். இதயத்தின் பின்புறம் தேங்கும் இரத்தம் மேலறையை உறுத்துவதும் ஒரு காரணம். அது இடப்புற மார்புக்குழிக்குள் வடியும்படி, அறுவை சிகிச்சையின்போதே இதய உறையின் பின்பக்கத்தில் சிறு கீறல் இடும் முறையை நியூயார்க்கில் 420 பேரிடம் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டனர். சீர்கேடு 32 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாகக் குறைந்திருந்தது. கூடுதல் மருந்தோ புதிய கருவியோ கேட்காத இம்முறையை இங்குள்ள அறுவை சிகிச்சை நிபுணர்கள் பரிசீலிக்க வேண்டும் என்பது என் பேரவா.

பொட்டாசியம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். இச்சீர்கேட்டைத் தடுப்பதற்காக, இரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 4.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும் போதெல்லாம் அதை ஏற்றும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பைபாஸ் செய்துகொண்ட 1,690 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வு, 3.6-க்குக் கீழே சென்றால் மட்டும் ஏற்றுவதும் சீர்கேட்டைத் தடுப்பதில் குறைந்ததல்ல என்று காட்டியது. இதற்காகச் செலவாகும் செவிலியர் நேரத்தை நாடித்துடிப்பைக் கவனிப்பதில் செலவிடலாம்.

எனவே, பீட்டா பிளாக்கர் மருந்தைத் தொடர்வது பற்றிய பதிவைக் கட்டாயமாக்கவும், வார்டுக்கு மாற்றிய பின்னும் நான்காம் நாள் வரை துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க மானிட்டர்கள் வழங்கவும், வீட்டுக்குச் செல்வோருக்கு நாடி பார்க்கவும் எப்போது திரும்பி வர வேண்டும் என்பதை அறியவும் கற்றுத்தரவும் ஆணை பிறப்பிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நெறிமுறையை வகுக்கக் குழு அமைக்கப்படும் பட்சத்தில், இதய அறுவை சிகிச்சை நிபுணர்கள், மயக்க மருந்து நிபுணர்கள் ஆகியோருடன் இரவுப் பணியில் நோயாளிகளின் அருகில் இருக்கும் செவிலியர்களையும் அதில் உறுப்பினர்களாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செவிலியர், இதய அறுவை சிகிச்சைப் பிரிவு.