எரித்தது தேன்கூடு, வெம்பியது பரங்கிப் பிஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாதவரத்தை அடுத்த வடபெரும்பாக்கத்தில் 30 சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பரங்கி, பீர்க்கு, கத்தரி பயிரிட்டு மூலக்கடையில் விற்று வருகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில், முருங்கைக் கிளையில் தொங்கிய தேன்கூட்டைப் பந்தம் கொளுத்தி எரித்துவிட்டார்கள். உள்ளங்கை அகலக் கூடு, கொம்புத் தேனீ. குழந்தைகள் விளையாடும் இடம், பயப்படத்தான் செய்வார்கள். எனக்கும் அது எரிந்த பிறகுதான் உறைத்தது.

பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியிலேயே பிஞ்சு உருண்டையாகத் தெரியும். விடியும் முன் விரிகிற பூ, உச்சிவெயிலுக்குள் சுருங்கிவிடும், மறுநாள் விரியாது. மகரந்தமோ பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வந்தால் காய், வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழும். அந்த வாரம் விழுந்ததைக் கூடையில் அள்ளினேன். மழையா, உரமா என்று குழம்பி, கடைசியில் ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவிப் பார்த்தேன். தடவியதில் பெரும்பாலும் காய் நின்றது. தடவாமல் விட்டதில் பாதிக்கு மேல் உதிர்ந்தது. அன்று முதல் காலை ஐந்தரைக்கே கொடிக்குள் குனிந்து தேனீ வேலை பார்த்தேன். என் முழங்காலுக்கு இது ஆகாது.

எனக்கும் இதில் பங்குண்டு. பந்தல் மூங்கிலைத் துளைக்கிறதே என்று போன வருடம் கருவண்டுகளின் ஓட்டைகளைக் களிமண் வைத்து அடைத்தவள் நான். கத்தரிப் பூவின் மகரந்தம், மகரந்தப் பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகத்தான் வெளிவரும். பூவைப் பிடித்து அதிர உலுக்கினால்தான் நன்றாகக் கொட்டும். அந்த ரீங்கார வேலையைச் செய்பவற்றில் கருவண்டும் ஒன்று என்று வேளாண்மை படிக்கும் அண்ணன் மகள் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டேன்.

தேனீக்கள் சாகாமலிருக்க, பூச்சிமருந்தைச் சாயங்காலம் அடிக்கச் சொல்கிறார்கள். பரங்கிக்குச் சரி, பீர்க்கம்பூ விரிவதே சாயங்காலம்தானே!

குடியிருப்புக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான். கொம்புத் தேனீ ஒரே கிளையில் நெடுநாள் தங்காது. பூ குறைந்தால் தானே கிளம்பிவிடும். பந்தத்தை எடுக்குமுன் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளைகள் அண்டாதபடி அந்த மரத்தைச் சுற்றி நானே கயிறு கட்டித் தருகிறேன்.

அடுத்த பரங்கி விதையை ஊன்றிவிட்டேன். பூக்க ஒன்றரை மாதமாவது ஆகும். அதற்குள் ஒரு கூடாவது திரும்ப வந்தால் நல்லது.

இப்படிக்கு,
காய்கறி விவசாயி ஒருத்தி,
வடபெரும்பாக்கம், சென்னை.